வட்டி இல்லாத வங்கி: சட்டம் எங்கே தடுக்கிறது?

மூணு மாசத்துக்கு ஒரு தடவை நம்ம சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு வட்டி வரவு வைத்ததாக ஒரு மெசேஜ் வரும். பதினேழு ரூபாய், முப்பத்திரண்டு ரூபாய். ஹாஸ்டல்ல ஒரு டீ, ரெண்டு சமோசாவுக்கு வரும், அவ்வளவுதான். ஆனா அந்தப் பதினேழு ரூபாயைத் தனியாகக் கணக்கு வைத்து, தன் செலவுக்குத் தொடாமல் யாருக்காவது கொடுத்துவிடும் நண்பர்கள் எல்லாக் கல்லூரியிலும் இருப்பாங்க. கல்விக் கடன் கிடைக்கும் என்று தெரிந்தும் விண்ணப்பிக்காமல், வீட்டு நகையை விற்று ஃபீஸ் கட்டுகிற குடும்பங்களும் உண்டு. காரணம் ஒன்றுதான். இஸ்லாத்தில் வட்டி வாங்குவதும் கொடுப்பதும் விலக்கப்பட்டது.

அப்போ ஒரு நியாயமான கேள்வி வருது. வட்டி வேண்டாம் என்பவர்களுக்கு வட்டி இல்லாத ஒரு வங்கியை ஆரம்பிச்சிட்டுப் போகலாமே? இலங்கையில் இருக்கு, மலேசியாவில் இருக்கு, இங்கிலாந்தில்கூட இருக்கு. இந்தியாவில் மட்டும் ஏன் இல்லை?

"நம்மது மதச்சார்பற்ற நாடு, அதனால்தான்" என்பது பலரும் சொல்லும் பதில். ஆனால் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அங்கே கிடைக்கிற பதில் வேறு. இடிப்பது மதம் இல்லை; 'வங்கி' என்றால் என்ன என்று 1949-இல் நாம் எழுதி வைத்த வரையறை. எந்தப் பிரிவில், ஏன் இடிக்கிறது, அதைத் திறக்க வழி இருக்கா, திறக்காமல் வைத்ததால் யாருக்கு என்ன ஆச்சு என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு உப்பளக் கணக்கு

நம்ம இரும்பையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால், கழுவெளியைத் தாண்டி மரக்காணம் உப்பளங்கள் வரும். அங்கே ஒரு உப்பளக்காரருக்கு உவர்நீர் இறைக்க ஒரு மோட்டார் வேணும், விலை 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கையில் பணம் இல்லை. (இது விளக்கத்துக்கான கற்பனைக் கணக்கு.)

வழக்கமான வழி, கடன். வங்கி 60,000 கொடுக்கும். அவர் வட்டியோடு திருப்பிக் கட்டணும். நடுவில் கோடை மழை பெய்து பாத்தியில் விளைந்த உப்பெல்லாம் கரைந்து போனாலும் வட்டி ஓடிக்கிட்டே இருக்கும். வட்டிக்கு மழை தெரியாது. தவணை தவறினால் வட்டிமேல் அபராதமும் ஏறும்.

இஸ்லாமிய நிதிமுறை இதே தேவையை வேறு வழிகளில் தீர்க்கப் பார்க்கிறது. முக்கியமானவை நாலு.

முதலாவது முராபஹா. வங்கியே மோட்டாரைக் கடையில் 60,000-க்கு வாங்குகிறது. பிறகு, "எனக்கு அடக்கம் 60,000, லாபம் 6,000" என்று வெளிப்படையாகச் சொல்லி 66,000-க்கு அவரிடம் விற்கிறது. அவர் மாதம் 5,500 வீதம் 12 மாதம் கட்டுகிறார். தாமதமானாலும் விலை ஏறாது. தாமதக் கட்டணம் வசூலித்தாலும் அதை வங்கி தன் வருமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, தர்மத்துக்குப் போகணும் என்பது பரவலான விதி.

இரண்டாவது இஜாரா, அதாவது வாடகை. மோட்டார் வங்கிக்குச் சொந்தம், உப்பளக்காரர் வாடகை கட்டிப் பயன்படுத்துகிறார். அவர் தப்பு எதுவும் இல்லாமல் மோட்டார் அழிந்துபோனால் அந்த நஷ்டம் உரிமையாளரான வங்கிக்கு.

மூன்றாவது ஸலம். மே மாதம் தரப்போகிற உப்புக்கு இப்போதே முழு விலையையும் கொடுத்துவிடுவது. எவ்வளவு, என்ன தரம், எந்தத் தேதி, எந்த இடம் என்று எல்லாம் முன்கூட்டியே பேசியிருக்கணும். அட்வான்ஸ் வாங்கிப் பொருளாகக் கொடுப்பது உப்பு, நெல், மீன் என்று எந்தத் தொழிலிலும் நமக்குப் பழகிய விஷயம்தான்.

நான்காவது கூட்டு. இரண்டு பேரும் முதல் போட்டால் முஷாரகா. ஒருவர் முதல், இன்னொருவர் உழைப்பு என்றால் முளாரபா. லாபத்தைப் பேசிய விகிதத்தில் பிரிக்கணும். நஷ்டம் வந்தால் முதல் போட்டவருக்கு முதல் போகும், உழைத்தவருக்கு உழைப்பு போகும்.

உப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு தகவலையும் சொல்லணும். வட்டித் தடையை விளக்கும் நபிமொழிகளில் ஆறு பொருட்கள் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகின்றன: தங்கம், வெள்ளி, கோதுமை, வாற்கோதுமை, பேரீச்சம்பழம், உப்பு. உப்புக்கு உப்பு மாற்றினால் அளவுக்கு அளவு சரியாக, கைக்குக் கை மாறணும். இன்று ஒரு மூட்டை கொடுத்து நாளை ஒன்றரை மூட்டை வாங்கக் கூடாது. ஆனால் பணம் கொடுத்து உப்பு வாங்கலாம், அதில் லாபமும் பார்க்கலாம். வியாபார லாபம் ஆகும், கடன்மேல் வரும் கூடுதல் ஆகாது என்பதுதான் முழுக் கதையின் அடிப்படை.

இந்த நாலு வழியிலும் பொதுவாக ஒன்று இருக்கு. பணம் கொடுப்பவர் ஏதோ ஒரு கட்டத்தில் பொருளின் உரிமையாளராகவோ, தொழிலின் பங்காளியாகவோ ஆகிறார்; அந்த நேரத்தில் வரும் ஆபத்தையும் தலையில் ஏற்றுக்கொள்கிறார். இந்திய வங்கிச் சட்டம் மோதுவது சரியாக இந்த இடத்தில்தான்.

1949-ஆம் வருடச் சட்டம் என்ன சொல்லுது?

நம் வங்கிகளின் அடிப்படைச் சட்டம், வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 1949. அதில் சில பிரிவுகளை மட்டும் பார்ப்போம்.

பிரிவு 5(பி), வங்கித் தொழில் என்றால் என்ன என்று வரையறுக்கிறது. கடன் கொடுக்கவோ முதலீடு செய்யவோ பொதுமக்களிடம் டெபாசிட் வாங்குவது. அந்த டெபாசிட் கேட்டதும் அல்லது தவணையில் திருப்பித் தரப்பட வேண்டியது. 'திருப்பித் தரப்பட வேண்டியது' என்ற சொல்லைக் கவனிங்க. முளாரபா முறையில் பணம் போட்டவருக்கு, "உன் முதல் கட்டாயம் திரும்ப வரும்" என்று வங்கி உத்தரவாதம் தர முடியாது. தந்தால் அது கூட்டு இல்லை, கடன் ஆகிவிடும். தராவிட்டால் அது சட்டம் சொல்கிற டெபாசிட் இல்லை.

பிரிவு 8 இன்னும் கறாரானது. வங்கி நேரடியாகவோ மறைமுகமாகவோ சரக்கு வாங்கி விற்கக் கூடாது, பண்டமாற்று செய்யக் கூடாது. அடமானம் வைத்த பொருளை ஏலம் விடுவது போன்ற சில விலக்குகள் உண்டு. தங்கம், வெள்ளிக் கட்டிகளை வாங்கி விற்பது பிரிவு 6-இலேயே அனுமதிக்கப்பட்ட தொழில். ஆக, வங்கி தங்கம் விற்கலாம். மோட்டார் விற்க முடியாது. முராபஹாவும் ஸலமும் இங்கேயே நின்றுவிடுகின்றன.

பிரிவு 9, தன் சொந்த உபயோகத்துக்கு இல்லாத நிலம், கட்டடத்தை வங்கி 7 ஆண்டுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்கிறது. ரிசர்வ் வங்கி கொஞ்சம் நீட்டித்துத் தரலாம். வீட்டுக் கடனுக்குப் பதிலாக இஜாரா முறையில் 15, 20 வருடத்துக்கு வீட்டைத் தன் பெயரில் வைத்து வாடகைக்கு விடுவது இதனால் நடக்காது.

பிரிவு 19, ஒரு கம்பெனியில் வங்கி வைத்திருக்கும் பங்குக்கு உச்சவரம்பு போடுகிறது. அந்தக் கம்பெனியின் செலுத்தப்பட்ட மூலதனத்தில் 30 சதவீதம், அல்லது வங்கியின் சொந்த மூலதனமும் இருப்பும் சேர்ந்ததில் 30 சதவீதம், இதில் எது குறைவோ அது. பெரிய அளவில் முஷாரகா செய்ய நினைத்தால் இது குறுக்கே நிற்கும்.

இதெல்லாம் யாரையாவது ஒதுக்குவதற்காகப் போட்ட விதிகள் என்று நினைச்சிடாதீங்க. டெபாசிட் போட்டவரின் பணத்தை வியாபாரத்தில் விட்டால் என்ன ஆகும் என்று நம் சென்னைக்கே நல்லாத் தெரியும். 1906-இல் அர்பத்நாட் கம்பெனி திவாலானபோது, அதை நம்பிச் சேமிப்பைக் கொடுத்திருந்த ஏராளமான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன. மக்களிடம் பணம் வாங்கி வியாபாரத்திலும் ஊக பேரத்திலும் இறக்கிய நிறுவனம் அது. அந்த அதிர்ச்சிக்குப் பிறகுதான் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. வங்கி வேறு, வியாபாரம் வேறு என்று கோடு போடுவதற்குப் பின்னால் இப்படிப்பட்ட அனுபவங்கள் இருக்கு. ஆகவே "அந்தப் பிரிவைத் தூக்கிடுங்க" என்று சொல்வது சுலபம். தூக்கினால் டெபாசிட்தாரரைக் காப்பாற்ற வேறு என்ன வைப்பீங்க என்பதற்கும் பதில் சொல்லணும்.

வரி என்கிற இரண்டாவது சுவர்

வங்கிச் சட்டத்தை நாளைக்கே திருத்திவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்பவும் வேலை முடியாது.

30 லட்ச ரூபாய் வீடு ஒன்றை முராபஹாவில் வாங்கணும். முதலில் வங்கி கிரயம் பண்ணணும். பிறகு வங்கி உங்களுக்குக் கிரயம் பண்ணணும். இரண்டு பத்திரம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தாள் கட்டணம் 7 சதவீதம். ஒரு தடவைக்கு 2 லட்சத்து 10 ஆயிரம். இரண்டு தடவைக்கு 4 லட்சத்து 20 ஆயிரம். பதிவுக் கட்டணம் தனி. சாதாரண வீட்டுக் கடனில் இந்த இரட்டைச் செலவே கிடையாது.

அடுத்து ஜிஎஸ்டி. கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. அதே 6,000 ரூபாய் 'விற்பனை லாபம்' என்று வந்தால் அது பொருளின் விலையில் சேர்ந்து வரிக்கு உட்படும். வீட்டுக் கடன் வட்டிக்கும் கல்விக் கடன் வட்டிக்கும் வருமான வரியில் கிடைக்கிற கழிவுகள் 'வட்டி'க்குத்தான். 'லாபம்' என்ற பெயரில் கட்டியதற்கு இல்லை.

இங்கிலாந்து இதே சிக்கலைச் சந்தித்தது. 2003-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் இரட்டை முத்திரைக் கட்டணத்தை நீக்கியது. 2005-இல் இந்த ஏற்பாடுகளில் வரும் வருமானத்தை வரிக் கணக்கில் வட்டிக்குச் சமமாக நடத்தலாம் என்று எழுதியது. சலுகை எதுவும் தரவில்லை. ஒரே மாதிரியான செலவுக்கு ஒரே மாதிரியான வரி, அவ்வளவுதான்.

குழுக்கள் வந்தன, போயின

இந்தியாவில் இந்தப் பேச்சு புதுசு இல்லை. 2005-06-இல் ரிசர்வ் வங்கி ஆனந்த் சின்ஹா தலைமையில் ஒரு குழுவை வைத்து ஆராய்ந்தது. இப்போதுள்ள சட்டங்களின்படி இந்திய வங்கிகள் இஸ்லாமிய வங்கித் தொழில் செய்ய முடியாது என்பது அதன் முடிவு.

2008-இல் ரகுராம் ராஜன் தலைமையிலான நிதித்துறைச் சீர்திருத்தக் குழு வேறு பக்கத்திலிருந்து பார்த்தது. நம்பிக்கை காரணமாக வட்டி சார்ந்த சேவைகளைப் பயன்படுத்த முடியாமல் ஒரு பகுதி மக்கள் வெளியே நிற்கிறார்கள். அவர்களை உள்ளே கொண்டுவர, வட்டியில்லா வங்கிச் சேவையைப் பெரிய அளவில் தரணும் என்றது. 2015 டிசம்பரில் தீபக் மொஹந்தி குழு, இருக்கிற வங்கிகளிலேயே வட்டியில்லாச் சேவைக்கு ஒரு தனிச் சாளரம் திறக்கலாம் என்று பரிந்துரைத்தது. ரிசர்வ் வங்கிக்குள்ளும் இதைப் படிப்படியாகக் கொண்டுவரும் யோசனை ஆராயப்பட்டது.

2017 நவம்பரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்ட கேள்விக்கு ரிசர்வ் வங்கி பதில் சொன்னது: எல்லாக் குடிமக்களுக்கும் வங்கிச் சேவை பெற விரிவான, சமமான வாய்ப்புகள் இருப்பதைக் கருதி, இந்த யோசனையை மேற்கொண்டு தொடர்வதில்லை என்று முடிவு செய்யப்பட்டது. அத்தோடு கோப்பு மூடியது.

கேரளத்தில் கோர்ட் என்ன சொன்னது?

'மதச்சார்பின்மை' வாதம் ஒரு தடவை நேரடியாகக் கோர்ட்டுக்குப் போனது. 2009-இல் கேரள அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம், ஷரீஅத் விதிகளின்படி நடக்கப்போகிற அல் பரக்கா என்ற நிதி நிறுவனத்தில் 11 சதவீதப் பங்கு எடுக்க முடிவு செய்தது. அரசுப் பணத்தை ஒரு மதத்துக்குச் சாதகமாகப் பயன்படுத்துவது அரசியலமைப்புக்கு விரோதம் என்று சுப்ரமணியன் சுவாமி உள்ளிட்டோர் வழக்குப் போட்டார்கள்.

2011 பிப்ரவரியில் கேரள உயர் நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. சட்டத்துக்கு உட்பட்டு லாபத்துக்காக நடக்கும் ஒரு தொழிலில் அரசு நிறுவனம் பங்கு எடுப்பது, அந்தத் தொழில் ஷரீஅத் முறையைப் பின்பற்றுகிறது என்ற ஒரே காரணத்தால் மதத்தை வளர்ப்பது ஆகிவிடாது என்பது தீர்ப்பின் சாரம். அந்த நிறுவனம் பிறகு சேரமான் ஃபைனான்சியல் சர்வீசஸ் என்ற பெயரில் வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அது வங்கி இல்லை. வங்கிசாரா நிதி நிறுவனம். பிரிவு 8-இன் தடை அதைக் கட்டுப்படுத்தாது. மத அடிப்படையிலான ஆட்சேபத்தைக் கோர்ட் ஏற்கவில்லை. ஆனால் வங்கிச் சட்டத்தின் கதவு அப்படியே மூடியிருக்கு. நான் முதலில் சொன்னது இதனால்தான்: தடை இருக்கும் இடம் அரசியலமைப்பு இல்லை, வங்கியின் வரையறை.

மற்ற நாடுகள் கதவை எப்படித் திறந்தன?

நமக்கு மிகப் பக்கத்து உதாரணம் இலங்கை. அங்கே வங்கிச் சட்டம் 1988-ஆம் ஆண்டின் 30-ஆம் இலக்கச் சட்டம். 2005-இல் கொண்டுவந்த 2-ஆம் இலக்கத் திருத்தத்தின் மூலம், லாப நஷ்டப் பங்கு அடிப்படையில் பணம் பெறுவது போன்றவற்றை வங்கிகள் செய்யக்கூடிய தொழில்களின் பட்டியலில் சேர்த்தார்கள். தனிச் சட்டம் எதுவும் போடவில்லை. இருந்த பட்டியலை நீட்டினார்கள். அதன்பிறகு அமானா வங்கி முழு வட்டியில்லா வர்த்தக வங்கியாக 2011 ஆகஸ்ட் 1 அன்று செயல்படத் தொடங்கியது. ஏற்கெனவே இருந்த பெரிய வங்கிகளும் தனிச் சாளரங்கள் திறந்தன. முஸ்லிம்கள் சிறுபான்மையாக உள்ள, தமிழ் பேசும் மக்கள் வாழும் நாட்டில் நடந்தது இது.

மலேசியா தனிச் சட்டமே போட்டது. 1983-இல் இஸ்லாமிய வங்கிச் சட்டம். அதே வருடம் பேங்க் இஸ்லாம். 2013-இல் இன்னும் விரிவான இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டம். இந்தப் புதுச் சட்டத்தில் நாம் கற்றுக்கொள்ள ஒரு விஷயம் இருக்கு. வாடிக்கையாளர் போடும் பணத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று 'டெபாசிட்': முதல் கட்டாயம் திரும்ப வரும், காப்பீடும் உண்டு. இன்னொன்று 'முதலீட்டுக் கணக்கு': லாபத்தில் பங்கு உண்டு, நஷ்டமும் உங்களுடையது, காப்பீடு கிடையாது. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று வாடிக்கையாளருக்கு முதல் நாளே தெரியும்.

எது ஷரீஅத்துக்கு உட்பட்டது என்று யார் சொல்வது? மலேசியாவில் மத்திய வங்கியின் ஷரீஅத் ஆலோசனைக் குழு சொல்வது கோர்ட்டையும் கட்டுப்படுத்தும். 2019-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், பெரும்பான்மைத் தீர்ப்பில் அதை உறுதி செய்தது. இங்கிலாந்து நேர்மாறு. 2004-இல் பெக்சிம்கோ வழக்கில், ஒப்பந்தத்தில் ஷரீஅத் என்று எழுதியிருந்தாலும் கோர்ட் பார்ப்பது ஆங்கிலச் சட்டத்தை மட்டும்தான் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மதத் தீர்ப்பு சொல்ல விரும்பாத ஒரு நாட்டுக்கு இரண்டாவது வழிதான் பொருந்தும்.

துருக்கி பெயரையே மாற்றியது. மதச்சார்பின்மையை அரசியலமைப்பில் எழுதி வைத்துள்ள அந்த நாட்டில் இவற்றுக்குச் சட்டப்படியான பெயர் 'பங்கேற்பு வங்கி'. யாருடைய நம்பிக்கை என்று சட்டம் கேட்பதில்லை. ஒப்பந்தம் லாப நஷ்டப் பங்கா, கடனா என்று மட்டும் கேட்கிறது.

சாவி நம்ம சட்டத்திலேயே இருக்கு

இது பலருக்கும் தெரியாத விஷயம். பிரிவு 6-இன் உட்பிரிவு ஒன்று, வங்கிகள் செய்யக்கூடிய தொழில்களின் பட்டியலில் புதிதாக ஒன்றைச் சேர்க்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அரசிதழில் ஓர் அறிவிப்பு போதும். அப்படிச் சேர்க்கப்பட்ட தொழிலுக்குச் சரக்கு வாங்கி விற்கும் தடை பொருந்தாது என்று பிரிவு 8-இன் வரம்புரையே சொல்கிறது. போதாக்குறைக்கு, ரிசர்வ் வங்கி பரிந்துரைத்தால் எந்த வங்கிக்கும் இந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலிருந்தும் விலக்குத் தரலாம் என்கிறது பிரிவு 53.

அதாவது முராபஹாவுக்கும் இஜாராவுக்கும் நாடாளுமன்றத்தில் பெரிய சட்டத் திருத்தம்கூடத் தேவைப்படாமல் போகலாம். டெபாசிட் பக்கம்தான் கஷ்டம். நஷ்டத்தில் பங்குள்ள கணக்குக்கு 5 லட்ச ரூபாய் டெபாசிட் காப்பீடு பொருந்துமா, வங்கிக்கு நெருக்கடி வந்தால் வட்டியில்லாமல் ரிசர்வ் வங்கி எப்படிக் கைகொடுக்கும், முத்திரைக் கட்டணத்தை ஒவ்வொரு மாநிலமும் மாற்றுமா என்பவற்றுக்கு அறிவிப்பு போதாது, சட்டம் எழுதணும்.

கதவு மூடியிருந்தால் பணம் எங்கே போகும்?

தேவை இருக்கும்போது கதவை மூடினால் தேவை காணாமல் போயிடாது. பக்கத்துச் சந்து வழியாப் போகும்.

அந்தச் சந்துகளில் நல்லதும் உண்டு. தமிழ்நாட்டின் கடலோர ஊர்கள் பலவற்றில் ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள் நடத்தும் பைத்துல்மால்கள் வட்டியில்லா நகைக்கடன் தருகின்றன. கூட்டுறவுச் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்குள் இதைச் செய்கின்றன. மது, வட்டித் தொழில் போன்றவற்றைத் தவிர்த்துப் பங்குகளில் மட்டும் முதலீடு செய்யும் மியூச்சுவல் ஃபண்டுகள் செபி கண்காணிப்பில் பல ஆண்டுகளாக நடக்கின்றன.

ஆனால் அதே சந்தில்தான் பெங்களூருவின் ஐ.எம்.ஏ. நிறுவனமும் நுழைந்தது. "இது வட்டி இல்லை, ஹலால் லாபம்" என்று சொல்லி, பணம் போட்டவர்களைப் பங்காளிகள் என்று காட்டி, மாதாமாதம் கவர்ச்சியான தொகை கொடுத்தது. 2019 ஜூனில் விழுந்தது. பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள், பெரும்பாலும் நடுத்தர, ஏழை முஸ்லிம் குடும்பங்கள், மகள் கல்யாணத்துக்கும் மகன் படிப்புக்கும் வைத்திருந்ததை இழந்தன. கேட்க ஒரு வங்கி மேலாளர் இல்லை, காப்பீடு இல்லை. வங்கிக்குள் ஒரு வட்டியில்லா முதலீட்டுக் கணக்கு இருந்திருந்தால் இவர்கள் எல்லாரும் தப்பித்திருப்பார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது. பேராசை எல்லா மதத்தவருக்கும் பொதுதான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க நேர்மையான ஒரு கணக்கு பக்கத்து வங்கியிலேயே இருந்திருக்கும்.

அதே 2019-இல் ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் வந்தது. திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கும் பணத்துக்குத் தருவது வட்டியோ, போனஸோ, லாபமோ, பெயர் எதுவாக இருந்தாலும் அது டெபாசிட்தான் என்கிறது. தமிழ்நாட்டில் 1997 முதலே டான்பிட் சட்டம் இருக்கு. புகார் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போகும். ஆனால் இவை எல்லாம் பணம் போன பிறகு துரத்துகிற சட்டங்கள். போகாமல் காக்கும் சட்டம்தான் இன்னும் வரவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் கேட்கணும்

முராபஹாவைப் பார்த்து, "66,000-ஐ 12 மாதம் கட்டச் சொல்றீங்க, இது வேற பேரில் வட்டிதானே?" என்று கேட்பவர்கள் இருக்காங்க. இஸ்லாமிய அறிஞர்களிலேயே இருக்காங்க. கணக்குப் போட்டால் பல நேரம் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகைதான் வரும். வங்கி உண்மையிலேயே பொருளை வாங்கி, கொஞ்ச நேரமாவது அதன் ஆபத்தைச் சுமந்தால்தான் வித்தியாசம் உண்மையானது. காகிதத்தில் மட்டும் வாங்கி விற்றால் அது வெறும் பெயர் மாற்றம். 2013-இல் நம் ரிசர்வ் வங்கி, கிரெடிட் கார்டு 'ஜீரோ பர்சென்ட் இஎம்ஐ' பற்றி, பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையாது, அது வேறு கட்டணத்தில் ஒளிந்திருக்கும் என்று எச்சரித்தது. அந்தச் சந்தேகக் கண் இங்கேயும் வேணும்.

"எல்லாருக்கும் ஒரே வங்கி, தனியாக எதற்கு?" என்ற வாதத்தையும் தள்ளிவிட முடியாது. ஆனால் நஷ்டத்தில் பங்கெடுக்கும் வங்கி ஒரு மதத்தாருக்கு மட்டும் உதவுகிற பொருள் இல்லை. மழையில் உப்பு கரைந்த உப்பளக்காரருக்கும், முதல் வருடத்தில் தடுமாறும் நம்ம சீனியர்களின் ஸ்டார்ட்-அப்புக்கும், இஎம்ஐ மட்டுமே தெரிந்த வங்கியைவிட லாப நஷ்டம் பேசும் வங்கி பொருந்தலாம். 'பங்கேற்பு வங்கி' என்று பெயர் வைத்து எல்லாருக்கும் திறந்தால் இந்த வாதத்தின் கூர்மை பாதி குறைந்துவிடும்.

நமக்கு என்ன?

இன்னும் ரெண்டு, மூணு வருஷத்தில் நாம சம்பாதிக்க ஆரம்பிச்சிடுவோம். வாட்ஸப்பில் 'ஹலால் முதலீடு', 'வட்டியில்லா லோன்' என்று ஏதாவது வரும். வட்டியில்லாதது என்பதாலேயே அது மோசடியும் இல்லை, நல்லதும் இல்லை. மூணு கேள்வி கேளுங்க.

ஒன்று, பொருள் யார் பெயரில் இருக்கு? வியாபாரம் என்கிறார்கள் என்றால் சரக்கு எங்கே, பில் எங்கே?

இரண்டு, நஷ்டம் வந்தால் யாருக்கு? "பங்காளி" என்று சொல்லிக்கொண்டே மாதாமாதம் நிச்சயத் தொகை தருகிறேன் என்றால் அது இஸ்லாமிய முறைப்படியும் தப்பு, இந்தியச் சட்டப்படியும் சிக்கல்.

மூன்று, யாரிடம் பதிவு செய்திருக்கிறார்கள்? ரிசர்வ் வங்கி, செபி, கூட்டுறவுப் பதிவாளர், இந்த மூன்றில் ஒன்றாவது இருக்கணும். ரிசர்வ் வங்கியின் 'சசேத்' தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடிப் பார்க்கலாம், புகாரும் கொடுக்கலாம்.

வீட்டில் அப்பா, அம்மா, நன்னா, நன்னி யாராவது இப்படி ஒன்றில் பணம் போடப் போவதாகச் சொன்னால், கையெழுத்துப் போடும் முன் இந்த மூணையும் உட்கார்ந்து கேட்டுப் பாருங்க. பதில் தெளிவாக வராவிட்டால், பணம் அலமாரியிலேயே இருக்கட்டும்.